புல்வெளி காலி மனை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையில் காலியாகக் கிடக்கும் இடங்களில் எல்லாம் மரம் நட வேண்டும் என்று வாசகர்கள் பலர் எழுதிவருகிறார்கள். சாலையோரத்தில் தாராளமாக நடட்டும், நிழல் வேண்டும்தான். ஆனால் புல்லும் பூண்டும் முளைத்த நிலத்தையும் ‘காலி’ என்று கணக்கு வைப்பதுதான் இடிக்கிறது.

கிண்டி தேசியப் பூங்காவையே எடுத்துக்கொள்வோம். சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். அதைக் காடு என்றே பேசிப் பழகிவிட்டோம். அங்குள்ள வெளிமான்களுக்கோ உள்ளே இருக்கும் போலோ மைதானம் போன்ற புல்வெளிகள்தான் பிழைப்பு. புள்ளிமான் மரத்தடியிலும் புதரோரத்திலும் சமாளித்துக்கொள்ளும். வெளிமான் அப்படி அல்ல. ஆபத்தைத் தூரத்திலேயே பார்த்து, ஓடித் தப்பிக்கும் பிராணி. அந்த முறுக்குக் கொம்போடு முட்புதருக்குள் எங்கே ஓடுவது? சீமைக்கருவேலம் பரவப் பரவ அதன் இடம் சுருங்கும். புல்வெளியில் நல்லெண்ணத்தோடு நாம் நடும் கன்றும், வளர்ந்த பிறகு அதைத்தான் செய்யும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்ததும் தெருமுனை மனையைப் பாருங்கள். தும்பை, நெருஞ்சி, விஷ்ணுகிராந்தி எல்லாம் யாரும் விதைக்காமலே பூத்திருக்கும். எருக்கிலையைத் திருப்பினால் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட புழு ஒன்று மென்றுகொண்டிருக்கலாம். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் குழந்தைப் பருவம் அது. ஆள்காட்டிக் குருவி கூடுகூடக் கட்டாது. வெறுந்தரையில் கல்லின் நிறத்திலேயே முட்டையிட்டுவிட்டு, பக்கத்தில் போகிறவர்களைக் கத்தியே விரட்டும்.

எங்கள் பகுதிப் பூங்காவில் இவை பூத்த வாரமே ‘பராமரிப்பு’ என்று செதுக்கிவிட்டு, கொரியன் புல் பதித்தார்கள். அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. நுழைவாயிலில் சிமென்டில் பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்றும் செய்து வைத்திருக்கிறார்கள்!

பாம்பு வரும் என்று பயப்படுவார்கள், நியாயம்தான். நடைபாதையை ஒட்டி நாலடி அகலத்துக்கு வெட்டிவிடலாம். மீதியில் ஒரு மூலையையாவது, செடிகள் காய்த்து விதை உதிரும்வரை, தை முடியும் மட்டும் தொடாமல் விட மாநகராட்சி உத்தரவிட வேண்டும். மரம் நடும் அமைப்புகளும் குழி தோண்டும் முன், அங்கே ஏற்கெனவே என்ன முளைத்திருக்கிறது என்று தாவரம் தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வேளச்சேரி, சென்னை.