அக்காவுக்கு ஸ்காபரோவிலிருந்து

அன்பின் அக்காவுக்கு,

அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. இவ்வளவு காலமும் எழுதாமல் இருந்துவிட்டேன், கோபிக்க வேண்டாம். நான் நலம். இரவு வேலைக்கும் போகிறேன். நேரம் சும்மா போகிறதே என்றுதான், வேறு காரணம் எதுவுமில்லை.

நான் பராமரிப்பு வேலை செய்யும் வைத்தியசாலையில், பருத்தித்துறைப் பக்கத்து ஆச்சி ஒருவர் இருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து வந்தவருக்குச் சத்திரசிகிச்சை முடிந்து புண்ணும் ஆறிவிட்டது. ஆனால் துணையின்றி எழும்ப முடியாததாலும், மகளும் மருமகனும் வேலைக்குப் போவதாலும் வீட்டுக்கு அனுப்ப வழியில்லை, நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்திலும் இடமில்லை. தமிழ் பேசுகிறவர்கள் உள்ள இல்லத்தைத்தான் மகள் கேட்டிருக்கிறார். அதற்கு வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். 2022இல் இங்கு கனடாவில் ஒன்ராறியோ மாகாண அரசு நிறைவேற்றிய சட்டப்படி, இத்தகையவர்களுக்கு 70 கிலோமீற்றருக்குள் எந்த இல்லத்திலும் குடும்பத்தின் சம்மதமின்றியே இடம் ஒதுக்கலாம். மாகாணத்தின் வடபகுதியிலென்றால் 150 கிலோமீற்றர். போக மறுத்து வைத்தியசாலையிலேயே இருந்தால் நாளொன்றுக்கு 400 டொலர் அறவிடுவார்கள். கட்டில் இல்லாமல் அவசர சிகிச்சைப் பிரிவின் நடையில் நோயாளர்கள் தள்ளுவண்டியிலேயே கிடப்பதை நானும் காண்கிறேன், ஆகையால் புதிய நோயாளர்களுக்குக் கட்டில் வேண்டுமென்று அரசு சொல்லும் காரணம் பொய்யென்று சொல்லமாட்டேன். ஆயினும் தள்ளாத வயதில் ஒருவரைப் பேச்சுத்துணைக்கும் ஆளில்லாத ஊரில் கொண்டுபோய் விடுவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

தட்டில் வரும் மசித்த உருளைக்கிழங்கை ஆச்சி தொடுவதில்லை. மகள் பின்னேரம் கொண்டுவரும் புட்டைச் சம்பலோடு குழைத்து ஊட்டினால் இரண்டு மூன்று வாய் வாங்குவார், பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, என்னை எப்ப வீட்டை விடுவினம்?" என்பார். அன்றிரவு பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கையில், எங்கள் விறாந்தையில் ஒரு பாயை விரித்துப் படுத்தால் போதுமென்று இருந்தது, அக்கா.

அம்மாவை முதியோர் இல்லத்தில் விடலாமென்று சின்னண்ணா சொன்னதற்குத் தயவுசெய்து உடன்பட வேண்டாம். குளியலறையை வீட்டோடு சேர்த்துக் கட்டி, சுவரில் பிடிகம்பி பூட்ட எவ்வளவு செலவாகுமென்று மேசனிடம் கேட்டு எழுதுங்கள். பகலில் கூட இருக்க ராசாத்தி மாமி வருவாவென்றால் மாதச் சம்பளம் நான் தருகிறேன். இம்மாதக் காசு சற்றுப் பிந்தும், யோசிக்க வேண்டாம். அதுவரை தோட்டக்காணிக் குத்தகைக் காசில் எடுங்கள். அம்மாவின் எக்ஸ்ரேயைப் பார்த்து டொக்டர் என்ன சொன்னார் என்பதை உடனே அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி,
குமரன்