ஆலயத் திருப்பணி நிறைவு அறிக்கை

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

நம் ஆலயத்தின் கூரை, சுவர், ஜன்னல் வேலைகள் முடிந்துவிட்டன. "இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டியிருந்தால் எப்போதோ முடிந்திருக்குமே" என்று கேட்டவர்கள் உண்டு. முடிந்திருக்கும். ஆனால் இடிக்கும்படியான பழுது எதுவும் பழைய கட்டடத்தில் இல்லை. தொல்லையெல்லாம் பிற்காலத்தில் பூசிய சிமென்டால் வந்தது.

நம் சுவர் முழுவதும் வெட்டுக்கல், அதாவது நுண்துளைகள் உள்ள செம்மண் கல். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தால் வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும்; சிமென்ட் விடாது. உள்ளே தேங்கிய ஈரம் கல்லையே அரித்து, பிரசங்க பீடத்துக்குப் பின்னால் கை வைத்தாலே பூச்சு உதிர்ந்தது. ஆகவே சிமென்டைக் கொத்தி எடுத்து, நீற்றிய சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறப்போட்டு, மணலோடு கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்துப் பூசினோம். ஒரு பூச்சு காயாமல் அடுத்ததில் கை வைக்கமாட்டேன் என்று கொத்தனார் பிடிவாதமாக நின்றுவிட்டார். தாமதத்துக்குக் காரணம் அதுதான். அவர் செய்தது சரியென்றே கமிட்டி கருதுகிறது.

கூரையைப் பிரித்தபோது பல ஓடுகளில் சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் முத்திரை இருந்தது. மதம் மாறியதால் பிழைப்பை இழந்தவர்களுக்கு வேலை கொடுக்க, அந்த மிஷன் 1865-ல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில் அது. முதல் உலகப்போரின்போது ஆங்கில அரசு அதைப் பறித்துக்கொண்டது. பிறகு காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயிற்று. எனவே நம் ஓடுகள் போருக்கு முந்தியவை என்று கொள்ளலாம். லண்டன் மிஷன் ஆலயத்துக்கு சுவிட்சர்லாந்து மிஷனின் ஓடு! உடையாதவற்றைக் கழுவி மறுபடி வேய்ந்தோம். ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்களான கழுக்கோல்களில் உளுத்தவற்றுக்கு மட்டும் புதிய அயனி மரம் போட்டோம்.

லண்டன் மிஷனரிகளான ரிங்கல்தௌபே ஐயர் 1806-ல் மயிலாடிக்கு வந்ததும், மீட் ஐயர் 1818-ல் நாகர்கோவிலுக்கு வந்ததும் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். 1956 நவம்பர் 1-ல் நம் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர, பாறசாலைப் பக்கம் கேரளத்தில் நின்றது. 1959-ல் கன்னியாகுமரி பேராயமும் தனியாயிற்று. எல்லைக்கு அந்தப் பக்கம் வீடுள்ளவர்கள் இன்றும் தமிழ் ஆராதனைக்கு இங்கே வருகிறார்கள். காணிக்கையும் அங்கிருந்து தாராளமாக வந்தது. ஆகவே பெயர்ப்பலகையைத் தமிழ், மலையாளம் இரு மொழியிலும் எழுதியிருக்கிறோம்.

வரவு செலவுக் கணக்கு ரசீதுகளோடு அலுவலக அறையில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். மணிக்கூண்டு வேலை பாக்கி. மிச்சமுள்ள பழைய ஓடுகள் பின்னறையில் உள்ளன, தயவுசெய்து யாரும் எடுக்கவேண்டாம். இனி உடைவதற்கு மாற்று அவைதான். கிறிஸ்துமஸ் தோரணத்துக்குப் புதிய பூச்சில் ஆணி அடிக்கவும் வேண்டாம், உத்தரத்தில் கொக்கி போட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஆலயத் திருப்பணிக் கமிட்டி