கால்கட்டு: கீத் விட்லி நினைவு மாலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

கடந்த மே 9 அன்று மாலை, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில், எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கார் ஷெட்டில் கூடிய 23 பேருக்கும், வர முடியாமல் தூரத்தில் இருந்தபடியே கை கொடுத்தவர்களுக்கும் இந்த மடல். அன்றைக்கே எழுந்து நின்று நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். கடைசிப் பாட்டு முடிந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. நீங்களும் அதைப் புரிந்துகொண்டு நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் தோளைத் தட்டிவிட்டுப் போனீர்கள். முதல் நன்றி அதற்குத்தான்.

கீத் விட்லி யார் என்று தெரியாமலே என் பேச்சை நம்பி வந்த தமிழ் நண்பர்கள் பலர். அவர்களுக்காகவும், வராதவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கென்டக்கியின் கிழக்கே மலைக்காடாக இருக்கிற எலியட் கவுண்டியில் சாண்டி ஹுக் என்று ஒரு சிற்றூர். அங்கே வளர்ந்தவர். பதினைந்து வயது வாக்கில் ரிக்கி ஸ்காக்ஸ் என்ற இன்னொரு பையனோடு சேர்ந்து ஸ்டான்லி சகோதரர்களின் பழைய மலைப்பாட்டுகளை அப்படியே பாடிப் பழகியவர். பிறகு ப்ளூகிராஸ் எனும் அந்த மலைப்பாட்டு வகைக் குழுக்களில் வருடக்கணக்கில் பாடிவிட்டு, 1980களில் நாஷ்வில் போய், கன்ட்ரி எனும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகரானார். 1988ல் அவர் பாடிய 'டோன்ட் க்ளோஸ் யுவர் ஐஸ்', பில்போர்டு பத்திரிகையின் கணக்கில் அந்த ஆண்டு முழுவதற்குமான முதலிடக் கன்ட்ரி பாட்டு. அடுத்த ஆண்டு மே 9ஆம் தேதி நாஷ்வில் அருகே தன் வீட்டில் இறந்துகிடந்தார். 35 வயது நிறையவில்லை. காரணம் சாராயம். வேறு எதுவும் இல்லை.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

பெரியவருக்கு. நான் இந்த ஊருக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் என் வண்டி பனியில் கிளம்பாமல் நின்றது. அவருடைய பழைய பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அலுவலகத்தில் இறக்கிவிட்டார். வண்டிக்குள் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. கேசட்டின் மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய பெயர் பாதி அழிந்து, கீத் என்பதன் கடைசி எழுத்து மட்டும் மிச்சமிருந்தது. எனக்கு அந்தப் பாட்டின் வார்த்தைகள் சரியாகப் பிடிபடவில்லை. குரல் மட்டும் பிடிபட்டது. ஒரு வார்த்தையை எடுத்துவிட்டு, அதைக் கீழே வைக்க மனசில்லாமல் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் வளைத்து, அப்புறம்தான் விடுவார். "யார் இது?" என்று கேட்டேன். பெரியவர் சாலையைப் பார்த்தபடியே, "எங்க மலைப் பையன், குடிச்சே செத்துப்போனான்" என்றார். அதற்குப் பிறகு அலுவலகம் வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

பெரியவரே, அந்த ஒரு வரியில் நீங்கள் எதையும் மறைக்கவில்லை. 'உடம்பு சரியில்லாமல்' என்று மழுப்பவில்லை. என் அண்ணன் இறந்தபோது நாங்கள் ஊரெல்லாம் 'மஞ்சள் காமாலை' என்றுதான் சொன்னோம். காமாலை வந்தது உண்மைதான். அது எதனால் வந்தது என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. விருதுநகரில் பங்குனிப் பொங்கல் சமயத்தில் தெருவுக்குத் தெரு கச்சேரி நடக்கும். அண்ணன் மேடையேறினால் கடைக்காரர்கள் கல்லாவை விட்டு வெளியே வந்து நிற்பார்கள். 37 வயதில் போய்ச் சேர்ந்தார். வெளிநாட்டில் இருந்த நான் காரியத்துக்குத்தான் போய்ச் சேர முடிந்தது.

ரால்ஃப் ஸ்டான்லியின் கதையைச் சொன்னதும் பெரியவர்தான். ஸ்டான்லி சகோதரர்களில் அண்ணன் கார்ட்டர், தம்பி ரால்ஃப். முன்குரல் அண்ணனுடையது. கார்ட்டர் 1966ல் 41 வயதில் ஈரல் கெட்டு இறந்தார். அதுவும் குடிதான். தம்பி தனியாக, பேஞ்சோவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தார். 1970 வாக்கில் ஒரு நாள் மேற்கு வர்ஜினியாவின் ஃபோர்ட் கேயில் ஒரு கச்சேரி. வழியில் டயர் பஞ்சராகி ரால்ஃப் தாமதமாக வருகிறார். உள்ளே நுழையும்போது அவருடைய பாட்டே, அண்ணனின் குரலிலேயே கேட்கிறது. மேடையில் நிற்பது இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள், கூட்டம் கலைந்துவிடாமல் பாடிச் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள். கீத், ரிக்கி. இரண்டு பேரையும் ரால்ஃப் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

நாலு வருடங்களுக்கு முன்னால் புதைத்த அண்ணனின் குரல் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டால் ஒரு மனிதனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனையும் அதே குடி கொண்டுபோனதை 1989ல் அவர் பார்க்கவும் நேர்ந்தது. ரால்ஃப் 2016ல்தான் இறந்தார். அந்தப் பையன்களுக்கு மேடை கொடுத்ததற்காக அவருக்கும் என் நன்றி. போய்ச் சேரும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

சாண்டி ஹுக்கில் பெட்ரோல் பங்கில் கல்லாவில் இருந்த அம்மாவுக்கு. நினைவு மாலைக்கு முந்தின வாரம் நானும் என் மகளும் மோர்ஹெட் வழியாக அங்கே போயிருந்தோம். கீத்துக்குச் சிலை இருக்கிறது என்று தெரியும், வழி தெரியவில்லை. அந்த அம்மா ரசீதின் பின்பக்கத்தில் கோடு போட்டு வழி காட்டியதோடு, "எங்கிருந்து வர்றீங்க?" என்று விசாரித்து, ஒரு கை நிறைய மிட்டாயை மகளிடம் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். கீத்தைப் பார்க்க வந்தவர்களிடம் வாங்குவதில்லையாம். அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சமையலுக்குக் கை கொடுத்தவர்களுக்கு. பீன்ஸ் குழம்பும் சோள ரொட்டியும் பெரியவரின் மகள் செய்தது. புளியோதரை நம்மவர்கள் கொண்டுவந்தது. குடிக்க, வின்செஸ்டர் ஊரில் தயாராகும் ஏல்-எயிட் சோடா, பச்சைக் கண்ணாடி பாட்டிலில். பீர் வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. இந்த ஊரில் கச்சேரி என்றால் கையில் பீர் இல்லாமல் முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். இது சின்ன உதவி இல்லை.

அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டர் தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பாட்டுக்கு நடுவே பத்து நிமிடம் அவர் பேசியது பாட்டைப் போலவே முக்கியம். வண்டி ஓட்ட அனுமதிக்கிற உச்ச அளவு இங்கே ரத்தத்தில் 0.08 சதவீதம். கீத்தின் ரத்தத்தில் இருந்தது 0.47க்கும் மேல், கிட்டத்தட்ட ஆறு மடங்கு. அந்த அளவுக்குப் போனால் மூச்சை நடத்துகிற மூளையின் அடிப்பகுதியே மரத்துப்போகும். வாந்தி வந்தால் இருமி வெளியே தள்ளும் அனிச்சைச் செயலும் நின்றுவிடும். நினைவு தப்பிய பிறகும், வயிற்றில் மிச்சமிருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதனால் 'தூங்கித் தெளியட்டும்' என்று விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், பக்கத்திலேயே இருக்க வேண்டும், உடனே 911ஐ அழைக்க வேண்டும். காபியும் பச்சைத் தண்ணீரும் ஒன்றும் செய்யாது. இன்னொன்றும் சொன்னார்: பல வருடம் தினமும் குடித்தவர் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். அண்ணன் இரண்டு முறை அப்படி நிறுத்திப் பார்த்தார். கை நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, 'பாரு, மனசு இல்ல, அதான் நடிக்கிறான்' என்றோம். தம்பி, நீங்கள் பேசியதைக் கேட்டு வீட்டுக்குப் போய் நான் அழுதேன். ஆனாலும் நீங்கள் சொன்னது நல்லது.

அதற்குப் பிறகு, பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, தான் குடியை விட்டு பதினாலு மாதம் ஆகிறது என்றார். எங்களில் பலருக்கு அவரைப் பல வருடமாகத் தெரியும், இது தெரியாது. பெயர் எழுதமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். ஐயா, நீங்கள் பேசும்போது உங்கள் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், முடிக்கும்போது உங்களைப் பார்த்தார். அதை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்போது இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். நன்றி மடல் என்றால் உதவி பலித்தவர்களுக்குத்தான் எழுதுவோம். பலிக்காத உதவிக்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

கீத்தின் மனைவி லோரி மோர்கன், அவரும் பாடகி. 1986ல் திருமணம், அடுத்த வருடம் ஒரு மகன். கீத் ஊரோடு சேர்ந்து குடிப்பவர் இல்லை. தனியாக, ஒளிந்து குடிப்பவர். நடு இரவில் எழுந்து போய்விடுவார் என்று லோரி தன் காலையும் அவர் காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு தூங்குவாராம். அவர் அசைந்தால் தனக்கு விழிப்பு வரட்டும் என்று. அந்த மே மாதம் லோரி கச்சேரிக்காக அலாஸ்கா பக்கம் போயிருந்தார். காலையில் மைத்துனர் வந்து கீத்தோடு காபி குடித்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் வருகிறேன், கோல்ஃப் ஆடப் போகலாம் என்று சொல்லிப் போனார். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

'பையனுக்கு ஒரு கால்கட்டைப் போட்டால் சரியாகிவிடும்' என்று நம் ஊரில் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறோம். என் அண்ணனுக்கும் அப்படித்தான் கல்யாணம் செய்து வைத்தார்கள். மதினிக்கு அப்போது 22 வயது. லோரி நிஜமாகவே காலைக் கட்டிக்கொண்டு படுத்தார் என்று படித்த அன்றைக்கு, எனக்கு மதினி ஞாபகம்தான் வந்தது. அவர் இரவில் வாசற்கதவுக்குக் குறுக்கே பாய் விரித்துப் படுப்பார். அண்ணன் வெளியே போக வேண்டுமானால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டித்தான் போனார். அதற்கு மதினியின் மேல்தான் பழி வந்தது, 'கட்டியவள் சரியில்லை' என்று. எங்கள் வீட்டிலேயே சொன்னார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை.

குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக 1951ல் தொடங்கிய அல்-அனான் கூட்டம் ஒன்று இங்கே ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில் நடக்கிறது. அங்கே சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம்: இதை நாம் உண்டாக்கவில்லை, நம்மால் அடக்க முடியாது, நம்மால் குணப்படுத்தவும் முடியாது. என்னைக் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போன அலுவலகத் தோழிக்கு நன்றி. சென்னையில், குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980ல் தொடங்கிய சிகிச்சை மையம் அப்போதே இருந்தது. விருதுநகரில் எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்துகொள்ள நாங்கள் முயலவும் இல்லை.

மாலையின் கடைசிப் பாட்டை கிட்டாரில் வாசித்த கல்லூரி மாணவனுக்கு. கீத் இறந்தபோது வின்ஸ் கில் எழுதத் தொடங்கிய இரங்கல் பாட்டு அது. அப்போது முடிக்கவில்லை. 1993ல் தன் அண்ணன் இறந்த பிறகுதான் முடித்தார். நீ வாசிக்கும்போது இரண்டாம் சரணத்தில் உன் விரல் தவறியது. நிறுத்தி, மறுபடி எடுத்தாய். நீ நிறுத்திய அந்த இடத்தில் பெரியவர் தன் கிழட்டுக் குரலில் தானாகவே பாடத் தொடங்கினார், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். தவறியதற்காக நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். வேண்டாம் தம்பி. கீத்தை 2022ல், கன்ட்ரி இசையின் பெரிய ஆட்களைக் கௌரவிக்கும் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள், இறந்து 33 வருடம் கழித்து. அந்தச் செய்தி வந்த அன்றுகூடப் பெரியவர் பாடவில்லை. அன்று உன்னால் பாடினார்.

கடைசியாக மதினிக்கு. அந்த மாலையின் பதிவையும் கீத்தின் பாட்டு ஒன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். இங்கிலீஷ் பாட்டு, கேட்பாரோ மாட்டாரோ என்று நினைத்தேன். மறுநாள் கூப்பிட்டார்.

"தம்பி, கேட்டேன். பாட்டு ஒண்ணும் புரியல. உங்க அண்ணன் சத்தம் வேற, இந்தப் பையன் சத்தம் வேற. ஆனா மூச்சு விடுற இடம் இருக்கு பாருங்க, அது ஒண்ணுதான்."

நான் லோரி காலைக் கட்டிக்கொண்டு படுத்த கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சில்லை. லைன் துண்டித்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"அந்தப் புள்ள இப்ப நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்காங்க மதினி. இன்னும் பாடுறாங்க."

"சரி."

மதினி, பதினோரு வருடம் அந்தக் கதவோரம் படுத்தீர்கள். அந்த வீட்டில் யாரும் உங்களிடம் சொல்லாததை எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். என் அண்ணனைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி.

உங்கள் எல்லோருக்கும் அன்புடன்,
லெக்சிங்டன், கென்டக்கி