செஞ்சித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே வா

கடலூர், மஞ்சக்குப்பம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து கொஞ்ச நாளாகிறது, அம்மாவின் கண் ஆபரேஷன் அலைச்சலில் பதில் எழுத முடியவில்லை. நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டிருக்கிறார். உன்னையும் விசாரித்தார், பெங்களூர்ச் சாப்பாட்டில் இளைத்துவிட்டாயா என்று. அந்தக் கவலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் ஊட்டிப் பயணத்தைப் படித்துச் சிரிப்பதா பாவப்படுவதா என்று தெரியவில்லை. இ-பாஸ் எடுத்து, மலை வளைவில் சின்னவன் வாந்தி எடுத்து, படகுத்துறை வரிசையில் மதியம்வரை நின்று, கடைசியில் அரை மணி நேரம் மிதிபடகு. இதில் எனக்குப் பிடித்தது உன் மகள் கேட்டதாக எழுதியிருந்தாயே, அந்தக் கேள்விதான்: "இவ்வளவு உயரத்தில் தண்ணீர் எப்படி வந்தது?" நீ இயற்கை என்று சொல்லிச் சமாளித்திருக்கிறாய். அவளிடம் திருத்திச் சொல்லிவிடு, அந்த ஏரி 1820களில் ஜான் சலிவன் என்ற கலெக்டர் ஓடைத் தண்ணீரைத் தடுத்துக் கட்டியது. கொடைக்கானல் ஏரியும் அப்படித்தான், அது 1863. நாம் ஆற அமரப் போய் உட்காருகிற ஏரிகளில் முக்கால்வாசி யாரோ யோசித்துக் கரை போட்டவை.

அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். அடுத்த லீவுக்கு இங்கே வருகிறோம், கடலோரம் ஒரு நல்ல ரிசார்ட் சொல்லு என்கிறாய். சொல்ல மாட்டேன். உன் மகள் மாதிரி ஒரு பிள்ளையை நீச்சல் குளத்தருகே சாய்வு நாற்காலியில் உட்காரவைக்கவா இவ்வளவு தூரம் கூட்டி வருகிறாய்? நம் வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறது. இங்கே தங்கிக்கொண்டு தண்ணீரைப் பின்தொடர்ந்து ஊர் பாருங்கள்.

பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி என்றுதானே வருவீர்கள். செஞ்சியில் டீக்கு நிறுத்தும்போதே பிள்ளைகளிடம் ஆரம்பித்துவிடு. அந்தப் பக்கத்து மலைகளில் பெய்கிற மழைதான் சங்கராபரணி, செஞ்சியாறு என்றும் சொல்வார்கள். அது வீடூர் அணையில் தங்குகிறது, முழு நீர்மட்டமே 32 அடி, சின்ன அணைதான். அங்கிருந்து திருவக்கரை, சுத்துக்கேணி, வில்லியனூர் வழியாக வந்து கடைசியில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று அரியாங்குப்பம் ஆறாகவும் மற்றொன்று சுண்ணாம்பாறாகவும் கடலில் கலக்கிறது. காலையில் செஞ்சியில் பார்த்த ஆற்றை அடுத்த நாள் சாயங்காலம் முகத்துவாரத்தில் பார்க்கலாம். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல டூர் பேக்கேஜ் கிடையாது, காசும் அதிகம் ஆகாது.

திருவக்கரையில் வக்கிரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு (பௌர்ணமியாக இருந்தால் அந்தப் பக்கமே திரும்பாதே, கார் நிறுத்த இடம் கிடைக்காது) பக்கத்தில் இருக்கும் கல்மரப் பூங்காவுக்குப் போங்கள். இரண்டு கோடி ஆண்டு பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பட்டைக் கோடு, வளையம் எல்லாம் அப்படியே தெரியும், தட்டினால் பாறைச் சத்தம். சின்னவனை ஒரு வேலை செய்யச் சொல்: கிளையோ இலையோ எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடட்டும். இருக்காது. அவை அங்கே வளர்ந்த மரங்கள் இல்லை, ஏதோ ஒரு பெருவெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்தவை. ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டுத் தென்பெண்ணை இங்கே ஊருக்குள் வந்ததே, அதைப் பார்த்தபிறகு எனக்கு அந்தக் கல்மரக் கதையை நம்புவதில் கஷ்டமே இல்லை.

அடுத்தது ஊசுட்டேரி. புதுச்சேரியின் பெரிய ஏரி இதுதான், ஏறக்குறைய 800 ஹெக்டேர், பாதி புதுச்சேரி, பாதி நம் விழுப்புரம் மாவட்டம். பறவைக்கு எந்த மாநிலம் என்று தெரியுமா, ஆனாலும் புதுச்சேரிப் பக்கத்தை 2008இல் சரணாலயமாக அறிவித்தார்கள், தமிழ்நாட்டுப் பக்கம் அப்புறம்தான் ஆனது. சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. காலை ஆறு ஆறரைக்குள் கரையில் இருக்கவேண்டும். தங்கச்சி முறைப்பது தெரிகிறது, இருந்தாலும் இந்த ஒரு நாள் எழுந்துதான் ஆகவேண்டும், எட்டு மணிக்கு மேல் வெயிலும் வண்டிச் சத்தமும் வந்துவிடும். நாமக்கோழி கூட்டம் கூட்டமாக மிதக்கும், முக்குளிப்பான் இங்கே முங்கி எங்கேயோ எழும், பாம்புத்தாரா கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு போகும்போது சின்னவன் நிச்சயம் பாம்பு என்று கத்துவான். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருக்கும், அதைக் காட்டு. பைனாகுலர் இருந்தால் எடுத்துவா, இல்லையென்றால் என்னிடம் இருப்பதை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். படகு கிடைக்குமா என்று கேட்காதே. வலசை வந்த பறவைகள் இருக்கும்போது அதற்குள் மோட்டார் விட்டுக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடில்லை. கார்க் கதவைத் திறந்து வைத்துப் பாட்டு அலறவிடுகிற கூட்டம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறது, அதனால் வேறு கிழமையில் போவோம்.

படகு ஆசையைச் சுண்ணாம்பாற்றில் தீர்த்துக்கொள்ளலாம். நோணாங்குப்பத்தில் கடலூர் சாலையிலேயே படகுக் குழாம், அங்கிருந்து பாரடைஸ் பீச்சுக்குப் படகில் கூட்டிப்போவார்கள். அது முகத்துவாரம், மணல் சரிவும் இழுப்பும் உண்டு, பிள்ளைகள் முழங்கால் தண்ணீரோடு நிற்கட்டும். ஆற்றில் இறங்குவது எங்கேயுமே வேண்டாம், மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது, கோடையில் இங்கே பேப்பரைத் திறந்தாலே அந்தச் செய்திதான்.

புதுச்சேரி டவுனுக்கு ஒரு சாயங்காலம் போதும். பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தைக் காட்டி அந்தக் கதையை உன் மகளுக்குச் சொல். ஆயி ஒரு தாசி. விளக்கேற்றியிருந்த அவள் வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்ட ராஜா, விஷயம் தெரிந்ததும் இடிக்கச் சொல்ல, அவளே தன் வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாளாம். முத்திரையர்பாளையத்திலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அவள் பெயரில் மண்டபம் எழும்பியது. பாகூர்ப் பக்கமும் இப்படி ஒரு கதை உண்டு. தென்பெண்ணையிலிருந்து பாகூர் ஏரிக்கு வரும் பங்காரு வாய்க்காலை வெட்டியவர்கள் பங்காரி, சிங்காரி என்று இரண்டு தாசிகள் என்பார்கள். கல்வெட்டு ஆதாரம் கேட்காதே. ஊர் யாரை ஒதுக்கி வைத்ததோ அவர்கள் பெயரைத்தான் தண்ணீரோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அது எனக்குப் போதும். பாகூர் நம் வீட்டிலிருந்து பக்கம்தான். சைக்கிள் இரண்டு வாடகைக்கு ஏற்பாடு செய்கிறேன், பெரியவள் கரைமேல் ஓட்டட்டும். மூலநாதர் கோயில் சோழர் காலத்துக் கற்றளி, முழுக்கக் கல்லால் கட்டியது, உள்ளே போனால் வெயிலே தெரியாது.

இன்னொரு நாள் வீராணம். இது செஞ்சித் தண்ணீர் இல்லை, காவிரி. கொள்ளிடத்தில் கீழணை, அங்கிருந்து வடவாறு, அதன் வழியாக ஏரிக்கு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் அவன் மகன் ராஜாதித்தன், போருக்குக் காத்திருந்த படைவீரர்களை வைத்து வெட்டியதாகச் சொல்வார்கள். அவன் 949இல் தக்கோலப் போரில் செத்துப்போனான், ஏரி இன்னும் வேலை செய்கிறது. சேத்தியாத்தோப்பிலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் சாலை கரைமேலேயே போகிறது. ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர், மறுபக்கம் உன் காலுக்குக் கீழே வயல். அந்த உயர வித்தியாசத்தைப் பிள்ளைகள் பார்க்கவேண்டும். ஒரு மதகில் வண்டியை நிறுத்தி, இந்தப் பக்கம் அமைதியாக நிற்கிற தண்ணீர் அந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று காட்டு, பாடப்புத்தகத்தில் அழுத்தம் என்று படித்தது என்ன என்று தானே புரிந்துவிடும். ஏரியின் முழு நீர்மட்டம் 47.5 அடி. சென்னையில் இருக்கும் உன் மச்சினர் வீட்டுக் குழாயிலும் இந்தத் தண்ணீர் வரலாம், 2004இலிருந்து குழாய் போட்டு 230 கிலோமீட்டர் போல கொண்டுபோகிறார்கள். லால்பேட்டையில் வெற்றிலைக் கொடிக்கால்கள் இருக்கின்றன, அம்மாவுக்குக் கொஞ்சம் வாங்கவேண்டும்.

பிச்சாவரம் சதுப்புநிலக் காடு உனக்குத் தெரிந்ததுதான். 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்திருக்கிறார்கள். துடுப்புப் படகு எடு, மோட்டார் வேண்டாம், சுரபுன்னை வேர்களுக்கு நடுவே குறுகிய கால்வாயில் நுழைவது துடுப்புப் படகுதான்.

இப்போது தேதி. மே மாதம் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பண்ருட்டிப் பலாப்பழம் வேண்டுமென்றால் வா, ஏரி வேண்டுமென்றால் வராதே. மே மாதத்தில் பாதி ஏரிகளில் மாடு மேயும், பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். அரையாண்டு லீவு வடகிழக்குப் பருவமழையின் வால், 2011இல் தானே புயல் டிசம்பர் 30 அன்றுதான் வந்தது, அதை நான் எப்படி மறப்பேன், கொல்லையில் ஒரு மரம் மிஞ்சவில்லை. ஆகவே பொங்கல்தான் சரி. ஏரி நிரம்பியிருக்கும், பறவை இருக்கும், வெயில் பொறுக்கும். காணும் பொங்கல் அன்று மட்டும் எங்கேயும் போகாமல் வீட்டில் கிடப்போம். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா, சுற்றுவட்டாரச் சாமிகள் எல்லாம் ஆற்றுக்கு வரும், சுருளிக்கிழங்கு விற்பார்கள், ராட்டினம் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நாள் லீவு சொல்லித் தங்கிவிடுங்கள், ஒன்றும் குடி முழுகிவிடாது.

ஒரு அசௌகரியத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு தங்கச்சியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொள்ள முடியாது. ஏரிக்கரைகளில் கழிப்பறை கிடையாது, நல்ல ஹோட்டலும் கிடையாது. அதனால் காலையில் கிளம்பி மதியத்துக்குள் திரும்புகிற மாதிரிதான் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். வீட்டில் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டித் தருவதாகச் சொல்லியாகிவிட்டது. சாப்பிட்ட இலையையும் பாட்டிலையும் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும், அது என் வண்டியில் சட்டம். பிள்ளைகளுக்குப் புது ஷூ வேண்டாம், பழைய கனமான செருப்பு எடுத்துவா, கரை முழுக்க நெருஞ்சி.

உன் வேலை மாற்றம் என்ன ஆயிற்று என்று ஒரு வரிகூட எழுதவில்லை. நேரில் பேசிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறாயா? பொங்கல் லீவு எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டு எழுது, நானும் ஆபீசில் லீவுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்