வானியல் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025-26

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் இந்த வெயிலிலும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. செப்டம்பர் 7 முழுச் சந்திர கிரகணத்துக்கு மொட்டை மாடி கொள்ளாத கூட்டம். மார்ச் 3 அன்று நிலா கிரகணத்தோடேயே உதித்தது, பார்த்தோம்.

சென்ற ஜூன் 30 குறுங்கோள் நாள் நிகழ்ச்சி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். சூரியனைச் சுற்றிவரும் சிறு பாறைகளைத்தான் குறுங்கோள் என்கிறோம். "நம்ம டெலஸ்கோப்பில் தெரியாத கல்லுக்கு வேன் வைத்துப் பூம்புகார் போவானேன்?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கேட்டவர் வந்திருந்தால் பதில் அங்கேயே கிடைத்திருக்கும்.

அந்த நிகழ்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் அடிரா. பூமியின் சுற்றுப்பாதைக்குள்ளேயே சூரியனைச் சுற்றிவரும் குறுங்கோள். ஒரு சுற்றுக்கு 233 நாள். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், குறுங்கோள்களைத் தேடும் லீனியர் திட்டத்தார் கண்டுபிடித்தார்கள். அதற்கு ஒரு துணைக்கோளும் உண்டென்று 2017-இல் புவேர்ட்டோ ரிக்கோ தீவின் அரெசிபோ ரேடார் காட்டியது. பூமியை நெருங்கிவரும் குறுங்கோள்கள் சுமார் 40,000 தெரிந்திருக்க, இந்த உள்வட்ட வகையில் சில பத்துகள்தான் அகப்பட்டிருக்கின்றன. காரணம் எளிது. உள்ளே இருப்பது நடுநிசியில் நம் தலைக்கு மேல் வரவே வராது. விடிவதற்குச் சற்று முன்போ, பொழுது சாய்ந்த கையோடோ, அடிவானத்தை ஒட்டித்தான் தேட வேண்டும். சந்தா கேட்கப் போகும்போது சில உறுப்பினர்களும் அப்படித்தான் சூரியன் பக்கமாகவே நின்றுகொள்கிறார்கள்.

அன்று கடற்கரையில், விடியும் முன் வெள்ளி கிழக்கே நின்றது. அதுவும் உள்வட்டக் கோள்தானே. பிள்ளைகளுக்கு அதை வைத்தே விளக்கினோம். திரும்பி வந்து பள்ளி மைதானத்தில் கோலமாவால் பாதைகளைப் போட்டோம். நடுமுளை சூரியன். 10 மீட்டர் கயிற்றில் பூமியின் வட்டம். அடுத்து, நடுமுளையிலிருந்து 4.8 மீட்டர் தள்ளி இன்னொரு முளை, 14.8 மீட்டர் கயிற்றின் இரு நுனியையும் இரண்டு முளையிலும் கட்டி, குச்சியால் இழுத்துப் பிடித்துச் சுற்றி வந்தால் அடிராவின் நீள்வட்டம். ஒரு பக்கம் பூமியின் கோட்டுக்கு ஒரு சாண் இடைவெளிதான். ஒரு சிறுமி அதில் கை வைத்து அளந்துவிட்டு, "இடிச்சுடாதா சார்?" என்றாள். நிஜத்தில் அந்தப் பாதை சுமார் 25 பாகை சாய்ந்திருக்கிறது. இரு பாதைகளும் 3 கோடி கிலோமீட்டருக்கு உள்ளே நெருங்குவதில்லை. தரையில் சாய்வைக் காட்ட முடியாததால் சைக்கிள் டயரைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினேன்.

2013 பிப்ரவரி 15-இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் வெடித்த கல் இந்த வகை அல்ல. ஆனால் சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் யார் கண்ணிலும் முன்கூட்டிப் படவில்லை. சுமார் 1,500 பேருக்குக் காயம், பெரும்பாலும் கண்ணாடிச் சில்லுகளால். அந்தப் பக்கத்தைக் கவனிப்பது வீண்செலவா என்பதைப் பொதுக்குழு சொல்லட்டும்.

வேனில் பாதி இருக்கை காலி. ஜூன் 12 மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த நேரம், குறுவை நடவு என்றார்கள். நிலம் உள்ளவர்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பஜாரில் கடை வைத்திருப்பவர்களும் அதையே சொன்னார்கள்.

வரவு செலவை பொருளாளர் படிப்பார். சுருக்கமாக, செலவு வரவை ஒட்டியே இருந்தது. வேன் வாடகையின் ஒரு பகுதி இன்னும் ஒருவர் கைப்பணமாகவே நிற்கிறது. அவர் யார் என்று சொல்ல விரும்பவில்லை. ஐப்பசி மழைக்குப் பின் டெலஸ்கோப் லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறது. மைதானம் தந்த தலைமையாசிரியருக்கும், சுக்குக் காபி கொடுத்த துணைத் தலைவர் வீட்டாருக்கும், ஒலிபெருக்கிக்காரருக்கும் நன்றி.

வரும் ஜூன் 30-இல் வெள்ளி மாலை வானத்தில் இருக்கும். ஆகவே விடியற்காலை எழுந்திருக்க முடியவில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. வேனும் வேண்டாம், ஊருக்கு மேற்கே வயல்வரப்பே போதும். அதைத் தொடர்ந்து நடத்தச் செயலாளர் பொறுப்பை யார் ஏற்றாலும் சாவியைத் தரச் சித்தமாயிருக்கிறேன். யாரும் முன்வராவிட்டால் பழைய பாக்கியையாவது தீர்த்துக்கொடுங்கள். ரசீது புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. சாப்பாட்டுப் பந்தி அதைத் தாண்டித்தான்.

இப்படிக்கு,
செயலாளர்