ஏ.எல்.பி. தேர்வு: முதலில் கண்ணைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரயில்வே உதவி லோகோ பைலட் (ஏ.எல்.பி., அதாவது ரயில் ஓட்டுநரின் உதவியாளர்) தேர்வு குறித்துத் தங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாடத்திட்டத்தைத் தெளிவாகச் சொன்ன அக்கட்டுரை, இப்பணிக்கு ரயில்வே எத்தகைய ஆளைத் தேடுகிறது என்பதை விட்டுவிட்டது. ரயில் ஓட்டுநர்களைக் கண்காணிக்கும் லோகோ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது கண். இப்பணிக்கு ஏ-1 மருத்துவத் தகுதி வேண்டும். அதாவது, கண்ணாடி அணியாமல் இரு கண்களிலும் 6/6 பார்வை இருக்க வேண்டும். நிறப் பார்வையிலும் இரவுப் பார்வையிலும் குறை இருக்கக் கூடாது. பார்வையைச் சரிசெய்யும் லேசிக் லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இடமில்லை. ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள், வீட்டு நகையை அடகு வைத்துக் கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டி, கணினித் தேர்வுகள் அனைத்திலும் தேறிய பிறகு, வண்ணப் புள்ளிகள் நிறைந்த அட்டைக்குள் இருக்கும் எண்ணைப் படிக்க முடியாமல் தலைகுனிந்து வெளியே வந்ததைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். நிறக்குருடு உள்ள பலருக்கு அது இருப்பதே அதுவரை தெரிவதில்லை. ஊரிலுள்ள கண் மருத்துவரிடம் சில நிமிடங்களில் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் இது.

அடுத்தது கவனம். கணினிவழி உளத்திறன் தேர்வில் நினைவாற்றல், அறிவுறுத்தலைப் பின்பற்றுதல், ஆழம் உணர்தல், மன ஒருமை, பார்த்தவுடன் வேறுபாட்டைக் கண்டறிதல் என ஐந்து பிரிவுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் தனித்தனியே 42 டி-ஸ்கோர் (தரப்படுத்தப்பட்ட மதிப்பெண்) பெற வேண்டும்; ஒன்றில் மிகுதியாக எடுத்து மற்றொன்றின் குறையை ஈடுகட்ட முடியாது, எந்த இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வும் கிடையாது. பலர் இதைக் கடுமை என்கிறார்கள். என் பார்வையில் இது முற்றிலும் நியாயமானது. பணியேற்கும்போது கையில் தரப்படும் எச்சரிக்கைச் சீட்டான காஷன் ஆர்டரில், எந்தக் கிலோமீட்டரிலிருந்து எதுவரை வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு, மழையில், அந்த இடம் வருவதற்கு முன்பே அது நினைவுக்கு வர வேண்டும். தொலைவில் தெரியும் சிக்னலை உதவியாளர் 'டபுள் எல்லோ' (இரட்டை மஞ்சள் விளக்கு) என்று உரக்கச் சொல்ல, லோகோ பைலட் தன் கண்ணால் பார்த்து அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பார்க்காமல் வாய்ப்பழக்கத்தில் சொல்பவரைப் போன்ற ஆபத்து வேறில்லை.

2024 அக்டோபர் 11 அன்று சென்னைக்கு அருகே கவரைப்பேட்டையில், மெயின் லைனில் செல்ல வேண்டிய பாக்மதி எக்ஸ்பிரஸ், சரக்கு ரயில் நின்றிருந்த பக்கத் தடமான லூப் லைனுக்குள் புகுந்தது. தடம் மாறும்போது ஏற்பட்ட அதிர்வை உணர்ந்த நொடியிலேயே லோகோ பைலட் எமர்ஜென்சி பிரேக்கைப் போட்டார். மோதல் நடந்தும் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்த நொடிக்கான ஆளைத்தான் இத்தனை சோதனைகளும் தேடுகின்றன.

எந்தத் தேர்வாலும் அளக்க முடியாத குணம் ஒன்றும் உண்டு. குடித்துவிட்டு வருபவரை, பணியேற்கும் இடமான லாபியில் உள்ள மூச்சுப் பரிசோதனைக் கருவி காட்டிக்கொடுத்துவிடும்; தூங்காமல் வந்தவரை எந்தக் கருவியும் காட்டாது. "நேற்று எனக்குத் தூக்கமில்லை, இன்று வண்டி எடுக்க முடியாது" என்று தானே முன்வந்து சொல்லும் நேர்மை வேண்டும். அப்படிச் சொல்பவரை வேலைக்குக் கள்ளன் என்று முத்திரை குத்தாத அதிகாரிகளும் வேண்டும். வார ஓய்வை முழுமையாகத் தரக் கோரி 2024-இல் தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் போராடியதை இந்த நோக்கில்தான் நான் பார்க்கிறேன். விழிப்பான ஆளைச் சலித்துத் தேர்ந்தெடுத்துவிட்டு அவருக்குத் தூக்கத்தைத் தராமல் இருப்பது எவ்விதத்திலும் சரியாகாது.

அடுத்த ஏ.எல்.பி. அறிவிக்கை வரும்போது, பாடத்திட்டத்துக்கு முன்பாக ஏ-1 பார்வைத் தகுதிகளைக் கட்டம் கட்டி வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கோச்சிங் கட்டணம் கட்டுவதற்கு முன்பே அது பெற்றோர் கண்ணில் பட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லோகோ இன்ஸ்பெக்டர்,
ஜோலார்பேட்டை.