வேலைநிறுத்தமும் பெற்றோரும்

ஐயா,

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்ததுமே, 'பிள்ளைகளின் படிப்பு என்னாவது?' என்று பலருக்கும் அக்கறை பொங்குகிறது. கணக்கு ஆசிரியர் பணியிடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தபோது இந்த அக்கறை எங்கே போயிருந்தது? என் மகளின் கணக்கு நோட்டில் அந்த நாட்களுக்குத் தேதி மட்டும்தான் இருக்கிறது; கீழே ஒரு வரிகூட இல்லை.

பேச்சுவார்த்தை பலிக்காவிட்டால், மற்ற சங்கங்களைப் போல ஆசிரியர் சங்கங்களும் அடுத்த நடவடிக்கையில் இறங்கலாம் என்று யுனெஸ்கோவும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 1966-லேயே பரிந்துரைத்துவிட்டன. கேட்டது கிடைக்கும்வரை அவர்கள் பணிக்குத் திரும்ப வேண்டாம் என்பதே என் கட்சி.

பெற்றோர் நாங்கள் முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப்போகிறோம். முதல் நாள் என் தலையில் விழுந்திருக்கிறது. வாண்டுகளை அடக்கும் வித்தையை வகுப்பாசிரியையிடமே கேட்டு வைத்திருக்கிறேன்.

— ஒரு மாணவியின் தந்தை